செல்ஃப் அடிக்குது, வண்டி எடுக்கல

விழுப்புரம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிகிரி காபிக் கடை. மே மாதம், காலை ஒன்பதேகால் மணி. அம்மாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, நானும் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகவே அடித்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். அதே கதை.

லால்குடியில் பெரிய மாமா, அம்மாவின் ஒரே அண்ணன், முந்தின இரவு தவறிவிட்டார். பகல் பன்னிரண்டரைக்கு எடுப்பதாகத் தகவல். அதற்காகத்தான் சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்பியிருந்தோம். வண்டி கடைசியில் 10.25-க்கு, யாரும் எதையும் மாற்றாமல், தானாகவே ஸ்டார்ட் ஆனது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்று பத்து. வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். பந்தல் மட்டும் நின்றிருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். ஏனென்றால் பதினேழு நாளுக்கு முன்னால் இதே வண்டி தி.நகரில் இதே மாதிரி நின்றது. எங்கள் ஏரியா மெக்கானிக் வந்து பார்த்து, டோ பண்ணி ஷெட்டுக்குக் கொண்டுபோய், பெட்ரோல் பம்பை மாற்றினார். 8,400 ரூபாய். மறுநாள் காலை ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. "இனிமே பிரச்சினை வராது சார்" என்றார். நானும் தலையாட்டினேன்.

இருபது வருஷமாக மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் பிழை தேடிச் சம்பளம் வாங்குகிறவன் நான். "ஏன்னு தெரியல, இப்ப ஓடுது" என்று ஒரு ஜூனியர் வந்து சொன்னால் விடமாட்டேன். சொந்த வண்டியில் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் படித்ததும் கை அழுக்காகிச் சோதித்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் நோயைப் பிரித்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி என்றால் அது வேறு. பேட்டரி, டெர்மினல், செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். நான் சொல்வது, எஞ்சின் 'கிர்ர் கிர்ர்' என்று நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் சொந்தக் காலில் நிற்க மாட்டேன் என்கிறது. விழுப்புரத்தில் நாலு நல்ல மனிதர்கள் ஓடிவந்து வண்டியைத் தள்ளினார்கள். வியர்க்க வியர்க்க இரண்டு தடவை. பாவம். தள்ளுவது செல்ஃப் மோட்டாரின் வேலையை மட்டும்தான் செய்யும். செல்ஃப் ஏற்கெனவே நன்றாகச் சுற்றும்போது தள்ளி ஒரு பலனும் இல்லை. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பெட்ரோல் எஞ்சின் பிடிக்க வேண்டுமானால் காற்று வேண்டும், பெட்ரோல் வேண்டும், பிளக்கில் பொறி வேண்டும், சிலிண்டருக்குள் அழுத்தம் வேண்டும். எல்லாம் சரியான நேரத்துக்கு நடக்க வேண்டும். கார்புரேட்டர் காலத்து வண்டியில் இவை ஒன்றையொன்று அவ்வளவாகச் சார்ந்திருக்கவில்லை. பெட்ரோல் ஒரு வழியில் வந்தது, கரண்ட் இன்னொரு வழியில் வந்தது. பழைய மெக்கானிக்குகள் பொறியைக் 'கரண்ட்' என்றுதான் சொல்வார்கள். இப்போது இரண்டையும் ஒரே பெட்டி ஆள்கிறது: ஈ.சி.யூ. அது உத்தரவு கொடுத்தால்தான் இன்ஜெக்டர் திறக்கும், காயில் பொறி விடும். ஆகவே பழைய பட்டியலோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அனுமதி. எல்லாம் நன்றாக இருந்தும் ஈ.சி.யூ. அனுமதி தராவிட்டால் வண்டி எடுக்காது.

கருவி எதையும் எடுப்பதற்கு முன் காது. கையால் கிராங்க் சுற்றி ஸ்டார்ட் செய்த காலத்தில், கெட்டரிங் வடிவமைத்த மின்சார செல்ஃப் 1912 கேடிலாக் கார்களில் வரும் வரைக்கும், சுற்றுகிறவனுக்கு எஞ்சினின் அழுத்தம் மணிக்கட்டில் தெரியும். இப்போது அது சத்தத்தில் தெரிகிறது. நல்ல எஞ்சின் சுற்றும்போது ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அழுத்தும்போது வேகம் கொஞ்சம் குறைந்து ஏறும். தாளமே இல்லாமல் தையல் மிஷின் மாதிரி லேசாக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் அதற்குமேல் ஒரு தடவைகூடத் திருப்பாதீர்கள். பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினால் பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி பத்துக்குக் கீழே வெகுவாக இறங்கினால், மோட்டார் சுற்றினாலும் ஈ.சி.யூ. மயங்கிவிடலாம்.

என் வண்டியின் தாளம் கச்சிதமாக இருந்தது.

அடுத்து கண். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவந்ததும் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். அது எரிந்தால்தான் நல்லது. எரியவே இல்லையென்றால் பல்பு போயிருக்கலாம், அல்லது ஈ.சி.யூ.வுக்கே மின்சாரம் போகவில்லை. மெயின் ரிலே, ஃபியூஸ் பார்க்க வேண்டும். சாவி படம் போட்ட விளக்கோ பூட்டுப் படமோ விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சாவித் தலைக்குள் இருக்கும் சிப்புக்குத் தனி பேட்டரி கிடையாது, ஆகவே ரிமோட் பேட்டரி மாற்றினால் இது தீராது. இன்னொரு சாவி போட்டுப் பார்ப்பதுதான் சுலபமான சோதனை. பெட்ரோல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், மீட்டர் முள் பொய் சொல்லும்.

இனி பெட்ரோல் பம்ப். நான் 8,400 ரூபாய் கொடுத்துக் கற்றது இது என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சாவியை ஆன் செய்ததும், செல்ஃப் அடிப்பதற்கு முன்பே, பின் சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று வினாடி 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். பிறகு நின்றுவிடும். குழாயில் அழுத்தம் ஏற்றி வைக்கிற வேலை அது. சாதாரண பெட்ரோல் எஞ்சினில் மூன்று, நான்கு பார் அழுத்தம். கேட்கவில்லையா, பெட்ரோல் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சாவி போடச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பம்ப். ஹார்ன் ரிலேயும் பம்ப் ரிலேயும் பல வண்டிகளில் ஒரே ரகம். மேலே அச்சடித்த எண் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். செலவில்லாத சோதனை.

கவனிக்க வேண்டியது அந்த 'நின்றுவிடும்' என்ற பகுதி. பம்ப் ஏன் நிற்கிறது? விபத்தில் எஞ்சின் நின்றுபோய், சாவி மட்டும் ஆனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த குழாய் வழியே பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. ஆகவே எஞ்சின் சுற்றுகிறது என்று ஈ.சி.யூ.வுக்குத் தெரிந்தால் மட்டுமே பம்ப் தொடர்ந்து ஓடும். தி.நகரில் எங்கள் மெக்கானிக் செய்த சோதனை இதுதான்: என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார், பின் சீட்டில் காது வைத்தார், பம்ப் ஓடவில்லை. "பம்ப் போச்சு சார்." அவர் கேட்டது உண்மை. பம்ப் ஓடவில்லைதான். அது ஓட முடியாததாலா, ஓடச் சொல்லி யாரும் சொல்லாததாலா என்பது மட்டும் அந்தச் சோதனையில் தெரியாது. செல்ஃப் அடிக்காமல், சாவியை ஆனில் மட்டும் வைத்து அந்த இரண்டு வினாடியைக் கேட்டிருந்தால் பம்ப் பிழைத்திருக்கும். என் பர்ஸும்தான்.

விழுப்புரத்தில் ஒரு வயசான மெக்கானிக் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்தார். அவர் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, தன் டெஸ்டரை மாட்டி, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பொறி இல்லை. பம்ப் புதுசு என்றேன். பின்னால் போய்க் கேட்டார். அதுவும் ஓடவில்லை. பீடியைப் பற்ற வைக்கப் போனவர், பெட்ரோல் வாசனை நினைவுக்கு வந்ததோ என்னவோ, சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டுச் சொன்னார்: "கரண்டும் இல்ல, பெட்ரோலும் இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல சாகாது தம்பி. மேல எங்கயோ ஒண்ணுதான் செத்திருக்கு."

இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு சேவைகள் ஒரே நொடியில் விழுந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க மாட்டோம். இரண்டும் எதை நம்பியிருக்கின்றன என்றுதான் தேடுவோம்.

பொறியும் பம்பும் சேர்ந்து நம்பியிருப்பது கிராங்க் சென்சாரை. எஞ்சினின் கிராங்க் தண்டோடு ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. அதன் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார். நிறைய வண்டிகளில் இருக்கும் ஏற்பாடு, அறுபது பல்லுக்கு இடம் வைத்து, இரண்டை மட்டும் எடுத்துவிட்டு 58 பல் வைப்பது. ஒரு பல்லுக்கு 6 பாகை. பல் கடக்கும்போதெல்லாம் ஒரு மின் துடிப்பு. அந்த இரண்டு பல் இடைவெளி வரும்போது ஒரு சின்ன மௌனம். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதை அந்த மௌனத்திலிருந்துதான் ஈ.சி.யூ. எண்ணத் தொடங்குகிறது. செல்ஃப் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றுகிறது என்றால், ஒரு சுற்று 0.3 வினாடி. அதற்குள் 58 துடிப்பும் ஒரு மௌனமும். (கேம் தண்டில் இன்னொரு சென்சார் இருக்கிறது, நான்கு ஸ்ட்ரோக்கில் இது எந்தச் சுற்று என்று அது சொல்லும். அது கெட்டால் பல வண்டிகள் கொஞ்சம் தாமதித்தாவது எடுத்துவிடும்.)

கிராங்க் சென்சார் வாய் மூடினால்? ஈ.சி.யூ.வைப் பொறுத்தவரை எஞ்சின் அசையவே இல்லை. நீங்கள் செல்ஃப் அடித்துப் பேட்டரியைத் தீர்த்தாலும், அதற்கு வண்டி சும்மா நிற்கிறது. சும்மா நிற்கிற வண்டிக்கு எதற்குப் பொறி, எதற்குப் பெட்ரோல்? அது சரியாகத்தான் நடந்துகொள்கிறது.

எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்ததும் இங்கேதான் புரிந்தது. வண்டியில் ஸ்கேனர் போட்டால் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. பி0335 என்று கிராங்க் சென்சாருக்கென்றே ஒரு குறியீடு உண்டு. அது ஏன் பதிவாகவில்லை? ஒரு சர்வருக்குக் கோரிக்கை வந்து சேரவே இல்லையென்றால் அதன் லாகில் பிழை இருக்காது. அமைதியாக, ஆரோக்கியமாக இருப்பதாகவே காட்டும். கேம் சென்சாரிலிருந்து துடிப்பு வருகிறதே, கிராங்கிலிருந்து ஏன் வரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கிற அளவுக்கு எழுதப்பட்ட ஈ.சி.யூ.க்கள் குறியீட்டைப் பதிவு செய்யும். என்னுடையது 2009 மாடல். அது அப்படிச் செய்யவில்லை. "ஸ்கேன் பண்ணிட்டோம், எரர் எதுவும் இல்ல" என்று யாராவது சொன்னால் சென்சார்கள் எல்லாம் நலம் என்று பொருள் இல்லை.

குறியீட்டுக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது நேரலை எண். ஓபிடி போர்ட்டில் செருகுகிற ப்ளூடூத் கருவி ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே கிடைக்கிறது. போனில் ஆர்.பி.எம். திரையைத் திறந்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். 150, 200, 250 என்று ஏதாவது காட்டினால் சென்சார் பேசுகிறது. வேறு எங்கேயாவது தேடுங்கள். காதுக்கு எஞ்சின் சுற்றுவது கேட்கிறது, திரையில் 0 என்றால் விஷயம் முக்கால்வாசி முடிந்தது. மீதிக் கால்வாசி, வயரும் கனெக்டரும். எலி கடித்த வயருக்குப் புது சென்சார் மருந்தாகாது. கருவியே இல்லையென்றால் மீட்டரில் இருக்கும் ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள், செல்ஃப் அடிக்கும்போது பல வண்டிகளில் லேசாக எழும்பும். சில வண்டிகளில் நன்றாக இருக்கும்போதே எழும்பாது. ஆகவே வண்டி நன்றாக இருக்கிற ஒரு நாளில், ஸ்டார்ட் செய்வதைப் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முள், விளக்குகள், பம்ப் முனகல், தாளம் எல்லாம் அதில் இருக்கும். கெட்ட நாளில் ஒப்பிட வேறு எதுவும் கிடைக்காது.

சரி, ஏன் காபிக் கடையில் மட்டும்? ஓடும்போது ஒரு நாளும் நின்றதில்லை. காலையில் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. ஓடும்போது காற்று அடிக்கிறது, கூலன்ட் சுற்றுகிறது. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன, எஞ்சினுக்குள் தேங்கிய சூடு வெளியே கசிந்து பக்கத்தில் உள்ளதையெல்லாம் சுடுகிறது. நிறுத்திய பிறகு கால் மணி, அரை மணிக்கு பானெட்டுக்குள் சில இடங்கள் ஓடும்போது இருந்ததைவிடச் சூடாகின்றன. என் வண்டியில் இருப்பது இரண்டு வயர் சென்சார். காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும்தான் உள்ளே. கம்பியில் எங்கோ ஒரு மயிரிழை விரிசல். சூட்டில் விரிந்து தொடர்பு விடுகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. தி.நகரில் பம்ப் மாற்றி முடிப்பதற்குள் வண்டி ஓர் இரவு ஆறியிருந்தது. அன்றைக்குப் பம்புக்குப் பதில் வைப்பரை மாற்றியிருந்தாலும் மறுநாள் ஸ்டார்ட் ஆகியிருக்கும்.

இதெல்லாம் ஊகம்தான். ஊகத்துக்கு இன்னொரு தடவை பணம் கட்ட மனசில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்னை வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேண்டுமென்றே வண்டியை நாற்பது நிமிடம் ஓட்டி, வீட்டு வாசலில் நிறுத்தி, பானெட்டை மூடியே வைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்தேன். செல்ஃப் அடித்தேன். எடுக்கவில்லை! வண்டி நின்றதற்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன். போன் திரையில் 0. ஸ்பார்க் டெஸ்டரில் ஒன்றும் இல்லை. கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் இருக்கும் சென்சார் மேல் மட்டும், சைலன்சர் பக்கம் படாமல், ஈரத்துணி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். ஆறாவது நிமிடம் திரையில் 210. எஞ்சின் பிடித்துக்கொண்டது. வேறு எதையும் தொடவில்லை.

புது சென்சார் 1,350 ரூபாய், ஒரு போல்ட். பழையதை மல்டிமீட்டரில் மாட்டி மனைவியின் ஹேர் டிரையரால் சூடாக்கினேன். அறை வெப்பத்தில் 870 ஓம். மெல்ல ஏறி ஆயிரத்தைத் தாண்டியது. செம்பு சூடானால் அப்படித்தான் ஏறும். பிறகு சட்டென்று எண்ணே இல்லை, சுற்று திறந்துவிட்டது. ஆற வைத்தால் திரும்ப 870.

சில எச்சரிக்கைகள். செல்ஃபைப் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், மோட்டார் கருகும். நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். பிளக்கைக் கையில் பிடித்துப் பொறி பார்க்கிற பழைய வித்தை இப்போதைய காயில்களோடு வேண்டாம். ஆபத்தான அளவு ஷாக் அடிக்கும், காயிலும் போகும். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு டெஸ்டர் கிடைக்கிறது. பொறி இருக்கிறது, பிளக் பெட்ரோலில் நனைந்திருக்கிறது என்றால் பெட்ரோல் அதிகமாகியிருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் ஈ.சி.யூ. பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் விட்டு உலர்த்தும். டீசல் தனிக் கதை. அங்கே பொறி கிடையாது. பெரும்பாலும் ஃபில்டர் மாற்றிய பிறகு உள்ளே போன காற்று, ஃபில்டரில் தண்ணீர், அல்லது காமன் ரெயிலில் போதிய அழுத்தம் ஏறாதது. ஆனால் கிராங்க் சென்சார் அங்கேயும் இதே வேலையைத்தான் செய்கிறது.

பழைய சென்சாரை எங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சண்டை போட அல்ல, காட்ட. முதலில் நம்பவில்லை. "பம்ப் ஓடலையே சார், நானே கேட்டேனே" என்றார். பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் கொதிக்கிற வெந்நீர் வாங்கிவரச் சொல்லி, சென்சாரை பிளாஸ்டிக் கவரில் சுற்றி உள்ளே இறக்கினோம். மல்டிமீட்டரை அவரே பிடித்துக்கொண்டார். எண் மறைந்தது. வெளியே எடுத்தோம், கொஞ்ச நேரத்தில் வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தார். பையனையும் கூப்பிட்டுக் காட்டினார். "இத எனக்குக் குடுத்துடுங்க சார்" என்று வாங்கி, ஸ்பேனர் மாட்டுகிற பலகையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டார்.

8,400 ரூபாயைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. அடுத்த சர்வீஸுக்கு லேபர் மட்டும் வாங்கவில்லை.